ரோடு திறந்தாச்சு

குரல் மிகவும் பக்கத்தில் கேட்டது. அதுதான் சுந்தரவல்லிக்கு முதலில் உறுத்தியது.

அவள் கணவன் கிட்டு வெளியூரிலிருந்து எப்போது போன் செய்தாலும் கம்பிக்குள் காற்று ஊளையிடும். நடுவில் யாரோ எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள். அவனும் கத்தவேண்டும், இவளும் கத்தவேண்டும். போனுக்குச் சொந்தக்காரியான பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரி மாமி, அடுப்படியில் நின்றபடியே அவர்கள் குடும்ப விஷயம் முழுவதையும் கேட்டுவிடுவாள். அன்று சாயங்காலம் அப்படி இல்லை. நீலகிரி மலைப்பாதையில் நடுவழியில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னவனின் குரல், ஒரே தலையணையில் படுத்துக்கொண்டு பேசுவதுபோல மூச்சோடு காதில் விழுந்தது.

"வல்லி, மண் சரிஞ்சிடுத்து. பஸ் நகர வழியில்லை."

"ஐயோ! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன? எல்லாரும் பஸ்ஸுக்குள்ளேயேதான் இருக்கோம். ரோடு திறந்தா வந்துடுவேன்."

"எங்கேர்ந்து பேசறேள்?"

பதில் வரவேண்டிய இடத்தில், முறத்தில் துவரம்பருப்பை மெதுவாகச் சரிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சின்னக் கற்கள் எதன்மேலோ உருண்டு இறங்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றுபோனது. போன் வைக்கப்பட்ட ஓசை வரவில்லை.

கிட்டுவுக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு அவர்கள் விற்ற இயந்திரங்களைப் பழுது பார்க்க, மழையோ வெயிலோ, அவன்தான் மலையேறுவான். கோத்தகிரியில் வேலை முடிந்து இறங்கும்போதுதான் இந்த மழை.

"மலைன்னா அப்படித்தாம்மா. ஒரு மழை பேஞ்சா ரோடு போயிடும்," என்றார் மாமியின் கணவர் சாம்பசிவன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிகள் தாமதமாக வருவதில் அவருக்கு அச்சம் கிடையாது. "அங்கே இருக்கறவாளுக்கு இது பழக்கம். பாலும் மேலே போகாது, காய்கறியும் கீழே வராது. மண்ணை வெட்டி எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்."

அவர் சொன்னது போலவே மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டில் காரட் இல்லை. உருளைக்கிழங்குக்காரன், லோடு மலையிலேயே நிற்கிறது என்று கையை விரித்தான். வானொலிச் செய்தியில் மலைப்பாதைப் போக்குவரத்து துண்டிக்கப்பட்டதாக ஒரு வரி வந்தது. சுந்தரவல்லிக்கு அந்த ஒரு வரி ஆறுதலாகக்கூட இருந்தது. துண்டிக்கப்பட்டது என்றால் மறுபடி சேர்க்கப்படும் என்றுதானே அர்த்தம்.

சிட்லபாக்கத்திலும் மழை விடவில்லை. ஏரி ததும்பி, கோரைப்புல் நாற்றமும் தவளைச் சத்தமும் தெருவரை வந்திருந்தன. இரண்டாம் நாள் விளக்கேற்றும் நேரத்தில் மாமி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "வல்லி, போன்!" என்றாள்.

"இங்கே ஒரு பொண்ணு நிறைமாசமா இருக்கா," என்றான் கிட்டு, எடுத்த எடுப்பில். "கீழே ஆஸ்பத்திரிக்குப் போறதுக்காக ஏறினவ. அவ ஆத்துக்காரன் பாதி தூரம் தூக்கிண்டு வந்து பஸ் ஏத்தியிருக்கான். ரோடு இல்லைன்னா அந்த ஊர்லேர்ந்து அவாளுக்கு ஒரு வழியும் கிடையாது."

"பாவம். இப்போ எப்படி இருக்கா?"

"பொறந்துடுத்து. பஸ்ஸுலேயே."

"அப்பாடா."

"அழவே இல்லை வல்லி," என்றான். சாதாரணமாக, மழை நின்றுவிட்டது என்பதுபோலச் சொன்னான். "யாரும் அழலை. ரொம்ப அமைதியா இருக்கு."

மறுபடி அந்தக் கற்கள் உருளும் சத்தம். இந்தத் தடவை அது காதுக்குள்ளிருந்து வந்ததா, மாமியின் கூடத்திலிருந்து வந்ததா என்று சுந்தரவல்லிக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். மாமி பூஜை அலமாரி முன்னால் அசையாமல் நின்று, மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மாலை அப்பாதுரை வந்தான். பம்மல்காரன். கிட்டுவின் கீழே வேலை செய்பவன். கம்பெனி அவனை மலைக்கு அனுப்பியிருந்தது. சுந்தரவல்லியைத் தனியாகப் பார்க்கத் துணிவில்லாமல், நேரே சாம்பசிவன் வீட்டுக்குப் போய் அவளை அங்கே வரச் சொல்லியிருந்தான். மழைக்கோட்டைக் கழற்றாமல் வாசலுக்கு உட்புறமாக நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, ரோடு கிளியர் பண்ட்டாங்க. நேத்து காலைலயே வண்டி போவுது."

"அப்போ அவர் எங்கே?"

அவன் சாம்பசிவனைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பஸ்ஸு கெடைச்சிடுச்சுக்கா. ரோட்டுல இல்ல. கீழ, பள்ளத்துல, மண்ணுக்குள்ள கீது. மலை மொத்தமா வந்து அமுக்கிகினு போயிருக்கு. சாரு வந்த பஸ்ஸுதான். யாருமே எறங்கல."

"எப்போ?"

"மொத நாளு மத்தியானமே."

"நேத்தி சாயங்காலம் என்னோட பேசினாரே!"

"அங்க போனே கெடையாதுக்கா. ஒரு குடிசகூட கெடையாது. நான் கண்ணாடி வழியா பாத்தேன்..." அவன் மழைக்கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உள்ளாற ஃபுல்லா மண்ணுக்கா."

மாமி சுந்தரவல்லியின் தோளைப் பிடித்தாள். அவள் அழவில்லை. அழுகை எங்கேயோ கிளம்பி வந்துகொண்டிருந்தது, இன்னும் வந்து சேரவில்லை.

போன் அடித்தது.

யாரும் நகரவில்லை. கடைசியில் சாம்பசிவன் போய் எடுத்தார். கேட்டார். அவர் முகத்திலிருந்து ஏதோ இறங்கிப்போனது. ரிசீவரை மேஜைமேல் மல்லாக்க வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே பின்வாங்கினார்.

எல்லாருக்கும் கேட்டது.

"ரோடு திறந்தாச்சு வல்லி. கிளம்பிட்டோம். இவாளையெல்லாம் அழைச்சிண்டு வரேன். எங்கே போறதுன்னு ஒருத்தருக்கும் தெரியலை. எல்லாரும் பசியோட இருக்கா. சாதம் வடிச்சு வை."

அப்பாதுரை ஒரு சத்தம் போட்டுவிட்டு மழையில் ஓடினான். சாம்பசிவன் போன் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அதற்குப் பிறகும் சிறிது நேரம், கற்கள் உருளும் சத்தம் ரிசீவரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"இங்கேயே இருடி," மாமி அவள் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அது உன் ஆத்துக்காரர் இல்லை. அவாளுக்கெல்லாம் நாம சாதம் போடப்படாது. சொன்னாக் கேளு."

"அவர் சாப்பிட்டு மூணு நாளாச்சு மாமி," என்றாள் சுந்தரவல்லி.

தலைப்பை விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பயம் இல்லாமல் இல்லை. அரிசி களையும்போது பாதி அரிசி தண்ணீரோடு போனது. ஆனால் பசி என்று அவன் வாயால் சொன்னதற்குப் பிறகு, அடுப்பை மூட்டாமல் கதவைத் தாழிட்டுக்கொள்ள அவளால் முடியவில்லை. கல்யாணத்துக்குக் கொடுத்த பெரிய வெண்கலப் பானையைப் பரணிலிருந்து இறக்கி உலை வைத்தாள். கொல்லையில் மழையில் நனைந்துகொண்டு வாழை இலைகளை அறுத்து வந்தாள். கஞ்சி வடிக்கும்போது மின்சாரம் போயிற்று.

மெழுகுவத்தியை ஏற்றினாள். அப்போதுதான் வாசனை மாறியிருப்பது தெரிந்தது. ஏரியின் நாற்றம் இல்லை. தவளைகள் வாயடைத்துவிட்டிருந்தன. ஜன்னல் வழியாக வந்தது வேறு மழையின் வாசனை. குளிர்ந்த, ஆழமான மண்ணும், பிடுங்கப்பட்ட வேர்களும், நசுங்கிய தைல மர இலையும் கலந்த வாசனை. சமதரையில் இருக்கும் எந்த ஊருக்கும் அந்த வாசனை கிடையாது.

ஒரு விசில் சத்தம். கண்டக்டர் ஊதுவது.

அந்தத் தெருவில் பஸ் நுழையாது. ஆட்டோவே திரும்பாது.

எஞ்சின் சத்தம் இல்லை. வெளிச்சம் இல்லை. ஆனால் பெரிதாக, கனமாக ஏதோ ஒன்று வந்து நின்றது. தரை அதிர்ந்தது. வெண்கலப் பானையின் மூடி கிணுகிணுத்து அடங்கியது.

கேட் திறந்தது.

காலடிகள். ஈரமான காலடிகள். ஒருவர் பின் ஒருவராக. நிற்கவே இல்லை.

கதவின் அடியிலிருந்து செம்மண் தண்ணீர் ஒழுகி வந்து அவள் விரல்களைத் தொட்டது. சில்லென்றிருந்தது.

"வல்லி."

அந்தக் குரல்தான். அதே நெருக்கத்தில்.

திறந்தாள்.

அவர்கள் உள்ளே வந்தார்கள். யாரும் அவளைத் தள்ளவில்லை. கூடத்தில், சுவரை ஒட்டி, இரண்டிரண்டு பேராக, நடுவில் நடக்க வழிவிட்டு, ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபடியே. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது. சிவப்பாக. கண் இருக்கும் இடம்கூட மூடி.

சட்டையை வைத்து அவனைக் கண்டுபிடித்தாள்.

அவன் முன்னால் இலை போட்டாள். சாதம் வைத்தாள். ஆவி பறந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

"சாப்பிடுங்கோ. பசின்னேளே."

கிட்டு வாயைத் திறந்தான்.

உள்ளே மண். பல் தெரியாமல், நாக்கு தெரியாமல், கெட்டியாக அடைத்திருந்த மண்.

இவ்வளவு நாளும் பேசியது எங்கிருந்து?

அவள் ஓடவில்லை. அவன் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். இடது கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையின் இரண்டு விரல்களை உள்ளே விட்டாள். தோண்டினாள். ஒரு பிடி. இலையோரம் வைத்தாள். இன்னொரு பிடி. ஒரு சின்னக் கல். ஒரு வேர். இன்னொரு பிடி. விரலுக்கு இன்னும் தொண்டை எட்டவில்லை. மண் குறையவே இல்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு அசைவு. அவள் திரும்பிப் பார்த்தாள்.

கூடம் முழுக்க, வரிசை வரிசையாக, எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.