அமுக்காத பொத்தான்

"அறுபது மாடு போச்சு. திருடன் யாருன்னும் தெரியும். வந்து விலங்கு மாட்டுங்க, போதும்."

குல்பா பண்ணைக்காரி நொலீன் பிராண்ட் காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் வணக்கத்துக்குப் பதில் இதைத்தான் சொன்னாள். கால்நடைத் திருட்டைத் துப்பறியும் சார்ஜென்ட் மெர்வ் டாலண்ட் நிதானமாகத் தொப்பியைத் தேடினார். அதற்குள் கான்ஸ்டபிள் டீகன் ஜீப்பைக் கிளப்பிவிட்டாள். விலங்கு என்றாலே அவளுக்குக் கை துறுதுறுக்கும்.

பண்ணைச் சமையலறையில் தேநீர் இருந்தது. ஊற்றித் தரும் உத்தேசம் நொலீனுக்கு இல்லை. மேய்ப்பன் கிளாரி கதவோரம் நின்றான். பக்கத்துப் பண்ணைக்காரன் ராய்ஸ் பிம் நாற்காலியைப் பின்னங்கால்களில் சாய்த்து ஆடிக்கொண்டிருந்தான். அந்தப் பரந்த மேய்ச்சல் வெளியில் பக்கம் என்றாலே பல பத்துக் கிலோமீட்டர். கிளாரி அவனிடம் வேலையை உதறிவிட்டு இங்கே வந்தவன். மூன்று வருடமாகியும் ராய்ஸுக்கு அந்தக் கடுப்பு ஆறவில்லை.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வீட்ல இருந்தேன். மாடு நின்ன இடத்துலேருந்து எழுபது கிலோமீட்டர்," என்றான் ராய்ஸ். "ரேடியோவுல, ஆறாம் சேனல்ல, இந்தப் பய பேசுறான்: 'வேலி அறுந்துபோச்சு, கம்பி வாங்க டவுனுக்குப் போறேன், ரெண்டு மணி நேரம் இங்க ஆள் கிடையாது.' கூட்டாளிக்குச் சேதி!"

"மொதலாளியம்மாவுக்குத்தான் சொன்னேன். பதிலே வரல," என்றான் கிளாரி.

"புளுகாதடா!" நொலீன் சீறினாள். "அன்னிக்கு முழுக்க ஆறுலதான் வச்சிருந்தேன். நூறு கிலோமீட்டருக்கு அப்பால ரோடு போடறவன் பேசினதெல்லாம் கேட்டுச்சு. உன் குரல் மட்டும் கேக்கல!"

டீகன் விலங்கை எடுத்தாள்.

"உள்ள வைம்மா," என்ற மெர்வ், நொலீனிடம் சாவியை வாங்கி, கிளாரியையும் கூட்டிக்கொண்டு அவன் வண்டியைப் பார்க்கப் போனார். சாவியைப் போட்டதும் ரேடியோவில் எண் ஆறு எரிந்தது. பக்கத்திலிருந்த டூப்ளெக்ஸ் விளக்கு எரியவில்லை.

"செவ்வாய்க்கு அப்புறம் இதைத் தொட்டியா?"

"எங்க தொடறது? அன்னிக்கே மொதலாளியம்மா சாவியைப் பிடுங்கிட்டாங்க."

மெர்வ் சமையலறைக்குத் திரும்பி, சாவியை நொலீனிடம் கொடுத்துவிட்டுத் தனக்குத் தானே தேநீர் ஊற்றிக்கொண்டார்.

"டூப்ளெக்ஸ் பொத்தானை அமுக்கிப் பேசினா, குன்று மேல இருக்கற ரிப்பீட்டர் அந்தப் பேச்சை வாங்கி ஊரெல்லாம் வீசும். இவன் அமுக்க மறந்துட்டான். அப்படிப் பேசினா இந்தப் பக்கம் பத்து கிலோமீட்டர் போனா அதிகம். நாப்பது கிலோமீட்டர்ல இருந்த நொலீனுக்கே கேக்கல. எழுபதுல இருந்த உங்களுக்கு மட்டும் எப்படி ராய்ஸ், ஒரு வார்த்தை சிந்தாம கேட்டுச்சு?"

நாற்காலியின் முன்னங்கால்கள் தரையில் இறங்கின.

"பக்கத்துலயே லாரியோட காத்துக்கிட்டிருந்தவனுக்குத்தான் அது கேட்டிருக்கும்," என்றார் மெர்வ். "இப்ப எடும்மா, டீகன்."

ராய்ஸை ஜீப்பில் ஏற்றியபின், நொலீன் சாவியைக் கிளாரியின் மார்பில் விட்டெறிந்தாள்.

"மூணு வருஷமாச் சொல்றேன், அந்தப் பொத்தானை அமுக்குடான்னு!"

கிளாரி குனிந்து சாவியைப் பொறுக்கினான்.

"அமுக்கியிருந்தா இப்ப அந்த ஜீப்புல நான் போயிருப்பேன், மொதலாளியம்மா."