வெள்ளைக் காரம்

சரோஜத்தின் இரண்டு உள்ளங்கைகளும் வெந்து உரிந்திருந்தன. எரிச்சலில் விரலை மடக்க முடியாமல் முழங்கையால் கதவை இடித்தாள். ஓய்வுபெற்ற போலீஸ் ரைட்டர் ஸ்ரீகண்டன் வெளியே வந்தார். பின்னாலேயே, வழக்கு என்றால் பாதிச் சோற்றில் எழுந்துவிடும் மச்சினன் பட்டாபி.

"அய்யா, எலிசாள லாக்கப்புல போட்டுட்டாவ. அப்பளக் காரத்துல விஷம் கலந்தாளாம். பால்குடி மாறாத பிள்ள வெளிய கெடந்து அழுவுது. அவ செய்யமாட்டா அய்யா."

பழவங்காடியில் குற்றாலலிங்கத்தின் அப்பளக் கடையில் மாவு பிசைபவள் சரோஜம். உப்பளக் கரையில் முளைக்கும் உமரிச்செடியை எரித்துச் சாம்பலில் அப்பள மாவுக்குச் சேர்க்கும் காரம் எடுத்து, தெற்கே மணக்குடியிலிருந்து அந்தக் கடைக்குக் கொண்டுவருபவள் எலிசாள். புகார் கொடுத்தவர் கடைக்காரர்.

"மாவுக்கு உப்பு எவ்வளவு போட்டே?" என்றார் ஸ்ரீகண்டன்.

"எப்பவும் போல பாதிதான். உமரிக் காரத்துலயே உப்பு கெடக்கும்லா? இந்தத் தடவ பிசைஞ்ச மாவுல ஒரு துளி நாக்குல வச்சேன், சப்புன்னு இருந்துது. பொறவு நாக்கும் பொத்துப்போச்சு."

"காரம் என்ன நிறம்?"

"சுண்ணாம்பு கணக்கா வெள்ளப் பொடி. மொதலாளிதான் பொடிச்சுத் தந்தாரு."

பட்டாபி துள்ளினான். "அப்போ அவதான் மாத்திக் கொண்டுவந்திருக்கா, அத்திம்பேர்!"

"சட்டையைப் போடு. கடைக்குப் போவோம்."

கூடவே வந்து நின்ற சரோஜத்தைப் பார்த்து, குற்றாலலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "கூலிக்காரி கைதானே சாமி? எண்ணெ தடவினா ஆறிரும்."

"எலிசாள் கொண்டுவந்த சரக்கு எப்படி இருந்தது?"

"எப்பவும் போல சாம்பக் கட்டி. கரி ஒட்டிக்கிட்டு, கல்லு மாதிரி. நக்கிக்கூடப் பாத்தேன், உப்புக் கரிச்சுது. நம்பி நானே இடிச்சுக் கொடுத்தேன். மோசம் பண்ணிட்டா!"

"கரி ஒட்டின கட்டியை இடிச்சா சுண்ணாம்பு வெள்ளையா ஆகுமோ? உம்ம நாக்குல கரிச்ச உப்பு இவ நாக்குல எங்கே போச்சு? எலிசாள் கொண்டுவந்தது உமரிக் காரம்தான். நீர் இவளுக்குக் கொடுத்தது வேறே. பட்டாபி, உள்ளே பார்."

சாக்குகளுக்குப் பின்னாலிருந்து திறந்த டின் ஒன்றைப் பட்டாபி இழுத்து வந்தான். காஸ்டிக் சோடா. பக்கத்திலேயே, வைத்தியசாலைக்கு இரட்டை விலைக்குப் போகக் கட்டிவைத்த எலிசாளின் சரக்கு, இடிபடாத கட்டிகளாக.

"சோப்புக்குப் போடறதை மாவுல போட்டீரா, பாவி!" என்று பட்டாபி கத்தினான்.

"எல்லாம் காரம்தானே சாமி..."

ஸ்ரீகண்டனின் குரல் உயரவில்லை. மூடியில் கொஞ்சம் பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டார். அது கொதித்துப் புகைந்தது. "அப்படீன்னா கையை வையும் இதிலே."

குற்றாலலிங்கம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"இவளுக்கும் அப்படித்தான் ஓய் இருக்கும்."

சாயங்காலம் எலிசாள் வெளியே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். குற்றாலலிங்கம் அபராதம் கட்டிவிட்டு அந்த மாதமே கடை திறந்தார். சரோஜத்தின் விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. மாவு பிசைந்து பிழைத்தவள். அவளுக்கு அவர் இரண்டு கை கடன்பட்டிருக்கிறார். இன்னும் தரவில்லை.