கராஜில் இருந்த மண்

நியூஜெர்சியின் ஜனவரிக் குளிரில் கறிவேப்பிலைச் செடி துளிர்விடாது. எத்தனை புளித்த மோர் ஊற்றினாலும் மார்ச் வரை குச்சியாக நின்று மானத்தை வாங்கும். ஆனால் 1996 ஜனவரியில், மூன்று வாரம் டெக்சாஸில் வேலை முடித்து, பிஸ்கட்டவே ஊரிலிருந்த தன் வீட்டுக்குள் நுழைந்த திருமூர்த்தியின் மூக்கில் முதலில் ஏறியது அந்த வாசம்தான். சமையலறை ஜன்னலோரம் செடி இடுப்புயரத்துக்குக் கருகருவென்று நின்றது.

"தொட்டியில புது மண்ணு போட்டு ரீபாட் பண்ணேங்க," என்றாள் மனைவி ராஜலக்ஷ்மி. "கராஜ்ல பை இருந்துச்சே. கிளீன்னு எழுதி உங்க சைன்கூட இருந்துது."

அலாஸ்காவின் வடகோடியில் ராணுவம் கைவிட்ட நிலத்து மண் அது. அங்கே பாசியை மான் மேய்கிறது, மானை மனிதர்கள் தின்கிறார்கள். அவன் வேலை பார்த்த மண் பரிசோதனை லேபில் அளந்தபோது கதிர்வீச்சு எகிறியது. மெஷின் கோளாறாக இருக்கும், மாற்றி எழுது, உன் கிரீன் கார்டு பேப்பர் என் மேஜையில்தான் இருக்கிறது என்றார் மேனேஜர். எழுதினான். கையெழுத்துப் போட்டான். மனசு உறுத்தவே ஒரு பையையும் அளக்கும் கருவியையும் வீட்டுக்கு எடுத்து வந்தான், அளக்கத்தான் தைரியம் வரவில்லை.

"ரசத்துல போட்டியா?"

"டெய்லி. ரோஷினி இலையை ஒதுக்காம மென்னு திங்கறா. ஏன், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

சொல்ல வேண்டும். சொன்னால் கையெழுத்தையும் சொல்ல வேண்டும்.

"தலைவலி," என்றான்.

அவள் துணி மடிக்க மாடிக்குப் போனதும் கருவியை எடுத்து வந்து தொட்டிமேல் நீட்டினான். கடுகு பொரிவதுபோல் கருவி சடசடத்தது. பின்வாங்கினான். சத்தம் குறைய வேண்டும். குறையவில்லை. கூடியது.

திரும்பினான். பின்னால் ஐந்து வயது ரோஷினி. கையில் ஒரு கொத்து. மென்றுகொண்டிருந்தாள்.

கருவியை அணைத்தான். பேட்டரியைப் பிடுங்கினான். தரையில் உருண்டது.

சத்தம் நிற்கவில்லை.

ரோஷினி விழுங்கினாள். டாடி என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். உள்ளே கடுகு பொரிந்தது.

"ராஜீ! அந்த மண்ணு கிளீன் இல்லடி, நான் பொய் எழுதிட்டேன்!"

மாடிப்படியில் ராஜலக்ஷ்மி வந்து நின்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அதே சத்தம்.