தரைப்பாலத்துக்கு ஓர் உறக்கம்

மத்தியானச் சாப்பாட்டை அரை வயிற்றோடு நிறுத்திக்கொண்டு, தலையில் எண்ணெய் வைக்காமல், வடிவம்மை துயில்கூடத்துக்கு வந்தாள். எண்ணெய் இருந்தால் நெற்றியில் உணர்பட்டை ஒட்டாது. ஓடையில் ஒரு கல்லை நகர்த்துவதென்றாலும் இங்கே வந்து ஒரு தூக்கம் போட்டாக வேண்டும் என்பது அந்த மலையடிவாரத்தில் குழந்தைக்கும் தெரிந்த நடைமுறை. அவளுக்கோ தரைப்பாலமே வேண்டும்.

மகள் செண்பகம் அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் வளைகாப்பு முடிந்து அழைத்து வருவதற்குள் மழை பிடித்துவிடும். சாலைகளையெல்லாம் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகு ஓடையைத் தாண்டித்தான் வர வேண்டும். கயிற்றுப்பாலம் முதல் வெள்ளத்திலேயே போய்விடும். மகளை அழைத்துவர வக்கில்லாதவள் என்று சம்பந்தியம்மாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வடிவம்மைக்கு உயிரே போய்விடும்.

"பாலத்துப் படத்த ஏத்தியாச்சுக்கா," என்றான் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சிவனணைந்தான். "பாலம் கட்டுன மாதிரியே கனவுல ஓடை வரும், அதுல மீனும் வரும்."

"நாலு பொடிமீனு என்னத்தச் சொல்லிறப் போவுது தம்பி?"

"அது ஒண்ணும் சொல்லாது. நீங்கதான் மீனா இருப்பீங்க."

"வேண்டாம்னு சொல்லுத ஆபீசர் எங்க இருக்காரு? அவரு கால்லயே விழுந்துருதேன்."

"அப்படி யாரும் கெடையாது. எந்திரிச்சு நீங்க கட்டலாம்னு சொன்னா கட்டிருவாவ."

இவ்வளவு சுலபமா என்ற சந்தோஷத்தோடு கண்ணை மூடினாள். ஓடையின் அடியில் பதித்திருந்த மீன்செவிக் கருவிகள் தாங்கள் கேட்டதையெல்லாம் அவள் தூக்கத்துக்குள் அனுப்பத் தொடங்கின.

முதலில் குளிர். அப்புறம் மேலிருந்து அசைந்து அசைந்து விழும் பச்சை வெளிச்சம். கைகள் இல்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. வயிறு மட்டும் கனத்தது. அவளுக்குத் தெரிந்த கனம்தான். கல்லில் வாயை ஒட்டி இளைப்பாறி, விட்டு, அடுத்த கல்லுக்குத் தாவி ஏறிக்கொண்டே இருந்தாள். கூடவே கெண்டை, அயிரை, கெளிறு என்று ஒரு திருவிழாக் கூட்டம். மேலே எங்கோ, தான் பொரிந்த மணல்மடுவின் வாசனை நீரில் கரைந்து வந்தது. அங்கேதான் முட்டையிட வேண்டும். வேறெங்கும் மனம் ஒப்பவில்லை.

பிறகு சிமெண்ட் வந்தது. தரைப்பாலத்தின் மூன்று குழாய்களிலும் நீர் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. ஒட்டிக்கொள்ள ஒரு கல் கிடையாது. முட்டினாள். நீர் அடித்துத் தள்ளியது. மறுபடி முட்டினாள். கெண்டைகள் திரும்பிப் போயின. அயிரைகள் எப்போது இல்லாமல் போயின என்றே தெரியவில்லை. வாசனை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அழுதுகொண்டே எழுந்தாள். வயிற்றைப் பிடித்திருந்த கையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"கட்டலாமாக்கா?" தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி சிவனணைந்தான் கேட்டான்.

"அது பொறந்த வீட்டுக்குல்லா போவுது தம்பி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாலம் வேண்டாம். நானே அக்கரைக்குப் போயிருதேன்," என்றாள்.

"சம்பந்தி வீட்டுக்கா? பேசுவாவளேக்கா."

"பேசட்டும்."

பேசினார்கள். வளைகாப்புக்கு வந்தவள் திரும்பவில்லையே என்று சம்பந்தியம்மாள் பேசியதில் பாதி வெள்ளத்தின் இரைச்சலில் கேட்கவில்லை. கேட்ட பாதி நன்றாகவே குத்தியது. வலி எடுத்தபோது செண்பகம் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நம்ம வீட்டுக்குப் போவணும்," என்று அழுதாள்.

வடிவம்மை ஓடைப்பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"நாந்தான் வந்துட்டேன்லா ஏட்டி," என்றாள்.