நோலன் செத்தது பன்னிரண்டு மணிக்கு!

டெலிபோன் அலறியது.

கனடாவின் எட்மண்டன் நகரப் போலீஸின் அவசர எண். வியாழக்கிழமை. காலை பதினொன்று இருபது.

“நான் செத்துப் போயிட்டேன்!” என்றது ஓர் ஆண் குரல்.

போனை எடுத்த பெண் பதினாறு வருஷ அனுபவசாலி. பதறவில்லை.

“செத்தவங்க போன் பண்றது வழக்கமில்லை சார். குடிச்சிருக்கீங்களா?”

“பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை! செய்தி போட்டிருக்காங்க. நோலன் பெட்ரிஷின், அதாவது நான், என் வீட்டு பேஸ்மென்ட்ல நெஞ்சுல கத்திக்குத்து பட்டுச் செத்துட்டேனாம். இன்னிக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு!”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

11.21.

“இன்னும் பன்னிரண்டு ஆகலையே சார்...”

“அதனாலதான் உயிரோட பேசறேன்! எழுதினவன் பேர் ப்ரைஸ் மக்கால். பன்னிரண்டு மணிக்கு இங்கே வர்றான். சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க!”

*

சார்ஜென்ட் டாரியா கோவல் அப்போது நோலன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு காபிக் கடையில் டோனட்டை வாய்க்குக் கொண்டு போயிருந்தாள். வயர்லெஸ் கூப்பிட்டது. டோனட் திரும்பத் தட்டுக்கே போனது.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு. மூச்சு விட்டால் மீசையில் உறைந்துவிடும். கான்ஸ்டபிள் ரெனேவுக்கு மீசை உண்டு. உறைந்தது.

“செய்தியைப் படிச்சேன் சார்ஜென்ட்,” காரை ஓட்டும் டாரியாவிடம் போனைக் காட்டினான் ரெனே. “தளத்தோட பேர் ‘கரோன்வால் முரசு’. கரோன்வால்னு ஒரு கம்ப்யூட்டர் கேம். கத்தி, டிராகன், மந்திரவாதி. அதுக்கு ரசிகர்கள் நடத்துற செய்தித் தளம். எந்த டிராகன் சுவருக்குள்ள மாட்டிக்குது, கம்பெனி எப்ப அதைச் சரி பண்ணப் போகுது... இதான் செய்தி.”

“இதைப் படிக்க ஆள் இருக்கா?”

“மூணு லட்சம் பேர். இரங்கல் மட்டுமே எண்ணூறு வந்தாச்சு. முதல் ஆள் எழுதியிருக்கான்: ‘ஆழ்ந்த அனுதாபங்கள். அஞ்சாவது பாகம் எப்ப வருது?’”

டாரியா சிரிக்கவில்லை. அவள் அதிகம் பேசுகிறவளும் இல்லை. எதிரில் இருப்பவன் தாங்க முடியாமல் தானே பேசுகிற வரைக்கும் சும்மா இருப்பாள். இருபது வருஷத்தில் அவள் வாங்கிய வாக்குமூலங்களில் பாதி அப்படி வந்தவைதான்.

11.27. நோலன் வீட்டுக் கதவு திறந்தது.

ஐம்பது வயது. தாடி. நெஞ்சில் டிராகன் படம் போட்ட ஸ்வெட்டர். போலீஸைப் பார்த்ததும் அவன் முகத்தில் நிம்மதி வரவில்லை.

“இவ்வளவு சீக்கிரமாவா!”

“திரும்பிப் போய் மெதுவா வரட்டுமா?”

“இல்லை... பனியில அரை மணி நேரமாவது ஆகும்னு நினைச்சேன். பூட்ஸைக் கழட்டிட்டு உள்ளே வாங்க. கார்ப்பெட் புதுசு.”

சாகப் போகிறவனுக்குக் கார்ப்பெட் மேல் இத்தனை அக்கறை! டாரியா பூட்ஸைக் கழற்றினாள். ரெனேயும் கழற்றினான். அவன் சாக்ஸில் ஓட்டை.

பேஸ்மென்ட். தரைக்குக் கீழே ஓர் அறை. இரண்டு மைக், இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு மேஜை. சுவரெங்கும் கரோன்வால் வரைபடங்கள்.

“வாராவாரம் வியாழக்கிழமை நானும் ப்ரைஸும் இங்கே உட்கார்ந்து ரசிகர்களுக்கு நேரடியாச் செய்தி சொல்லுவோம்,” என்றான் நோலன். நாற்காலியில் உட்கார்ந்து, மெத்தையைச் சரி செய்துகொண்டான்.

“செய்தி எப்படி முன்கூட்டியே வந்துச்சு?” என்றாள் டாரியா.

“எங்க வேலையே அப்படித்தான் மேடம். கம்பெனி ரகசியமா விஷயத்தைக் கொடுத்திடும். நாங்க முன்னாடியே எழுதி, வெளிவர வேண்டிய நேரத்தைப் போட்டு வச்சிடுவோம். நேரம் போட மறந்தா உடனே வெளியே வந்திடும். அந்த மடையன் மறந்திருக்கான்!”

“கொலை பண்றதுக்கு முன்னாடியே கொலைச் செய்தியை எழுதி வைப்பானா ஒருத்தன்?”

“ப்ரைஸ் வைப்பான்! வேற எவனும் முந்திடக் கூடாது அவனுக்கு. சொந்த அம்மா செத்தாலும் தலைப்பை யோசிச்சுக்கிட்டேதான் அழுவான்.”

“என்ன பகை?”

நோலன் முகம் இறுகியது.

“சிலை.”

“என்ன சிலை?”

“அஞ்சாவது பாகத்துல, தலைநகரத்துச் சதுக்கத்துல, எங்க தளத்தை ஆரம்பிச்சவனுக்கு ஒரு கற்சிலை வைக்கறாங்க. ஒரே ஒரு சிலை. யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணி இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்கு அறிவிச்சிடுங்கன்னு கம்பெனி சொல்லிடுச்சு. அறிவிக்கலைன்னா யாருக்கும் கிடையாது.”

“கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற சிலைக்காகவா கொலை?” என்றான் ரெனே.

நோலன் அவனைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“நிஜச் சிலை மேல புறா எச்சம் போடும். இதுல போடாது. முப்பது நாட்டு ஆளுங்க வந்து நிப்பாங்க... நிமிர்ந்து பார்ப்பாங்க. உனக்கு யார்யா சிலை வைக்கப் போறா?”

ரெனே தன் சாக்ஸ் ஓட்டையைப் பார்த்துக்கொண்டான்.

ஹீட்டர் மட்டும் உறுமியது. நோலன் கடிகாரத்தைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். டாரியா அவனையே பார்த்தாள்.

11.36. அழைப்பு மணி!

“பன்னிரண்டுன்னு சொன்னீங்களே?” டாரியா எழுந்தாள்.

“சீ... சீக்கிரம் வந்துட்டான்! கொலைகாரன் நேரத்துக்கா வருவான்?”

*

ப்ரைஸ் மக்கால் ஒல்லியாக, உயரமாக, கோபமாக இருந்தான். தோளில் ஒரு துணிப்பை. பேஸ்மென்ட்டுக்குள் நுழைந்ததும் ரெனே அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தினான்.

“யோவ்! என்னய்யா இது? நோலன், போலீஸை எதுக்குடா கூப்பிட்டே? மைக்ல என்கிட்ட வாதாட முடியலைன்னா?”

“என்னைக் கொல்ல வந்திருக்கான்! பையைப் பாருங்க மேடம்!” நோலன் நாற்காலியை விட்டு எழாமலே கத்தினான்.

ரெனே பையைத் துழாவினான். ஒரு மைக் வயர். ஒரு ஜோடி கையுறை. ஒரு பெரிய பிளாஸ்க்.

“இதுல என்ன?”

“பீட்ரூட் சூப். வாராவாரம் கொண்டுவருவேன். இந்தத் தடியனுக்கு ரொட்டி சுடக்கூடத் தெரியாது.”

“கத்தி இல்லை சார்ஜென்ட்.”

டாரியா பிளாஸ்க்கை மேஜை மேல் வைத்தாள். “சீக்கிரமே வந்துட்டீங்க, மிஸ்டர் மக்கால்.”

“சீக்கிரமா? பதினொன்றரைக்கு வான்னு நேத்து இவன்தான் போன் பண்ணினான். ரோட்டெல்லாம் பனி, அதான் ஆறு நிமிஷம் லேட்.”

“பொய்!” என்றான் நோலன்.

“ஆமாடா, வாயைத் திறந்தா நான் பொய்... நீ அரிச்சந்திரன்!”

டாரியா, ரெனேயின் போனை வாங்கி ப்ரைஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இதை எழுதினது நீங்களா?”

ப்ரைஸ் படித்தான். முதல் வரியில் சிரித்தான். இரண்டாவது வரியில் புருவம் நெரிந்தது. மூன்றாவது வரியில் முகம் சிவந்தது.

“இவன் செத்துட்டான்னு போட்டது பரவாயில்லை. அது நல்ல செய்தி. ஆனா இது என்ன? ‘2003-ஆம் ஆண்டு நோலன் தொடங்கிய கரோன்வால் முரசு’... நான் எழுதினேனா? இதை எழுதறதுக்குக் கையை வெட்டிக்குவேன்! 2004-ல ஆரம்பிச்சவன் நான். இவன் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டவன்!”

“2003!” என்றான் நோலன்.

“2004!”

“அது உங்க பேர்ல வந்த செய்தி,” என்றாள் டாரியா.

“என் பாஸ்வேர்ட் இவனுக்குத் தெரியும், இவனோடது எனக்குத் தெரியும். மேடம், செய்திக்கு அடியில ‘திருத்தங்கள்’னு இருக்கும், அழுத்துங்க. எதை மாத்தினாலும் பழைய வரியும் நேரமும் எல்லாருக்கும் தெரியணும்னு வாசகர்கள் சண்டை போட்டு வாங்கின விதி அது. எங்க ரெண்டு பேரையும் ஒருத்தனும் நம்பறதில்லை.”

டாரியா அழுத்தினாள்.

பதினொன்று இரண்டுக்குச் செய்தி வெளிவந்திருந்தது. அப்போது அந்த வரி வேறு மாதிரி இருந்தது: ‘2004-ஆம் ஆண்டு ப்ரைஸ் தொடங்கிய கரோன்வால் முரசில் பின்னர் இணைந்த நோலன்...’

பதினொன்று ஒன்பதுக்கு அது அடிக்கப்பட்டிருந்தது. புது வரி: ‘2003-ஆம் ஆண்டு நோலன் தொடங்கிய...’

வேறு எதுவும் மாறவில்லை. பேஸ்மென்ட், கத்தி, நெஞ்சு, எல்லாம் அப்படியே.

டாரியா போனை மேஜை மேல் வைத்தாள். நோலனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை.

ஒரு நிமிஷம்.

நோலன் தாடியைச் சொறிந்தான்.

இரண்டு நிமிஷம்.

ஹீட்டர் நின்றது. வீடே காதைத் தீட்டிக்கொண்டது போல இருந்தது. வெளியே எங்கோ ஒருவன் பனியைச் சுரண்டும் சத்தம். நோலனின் நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரில்!

“என்ன பார்க்கறீங்க?” என்றான். “தப்பா இருந்துச்சு... அவன் பார்த்துத் திருத்தியிருப்பான்.”

டாரியா பேசவில்லை.

“அவனுக்கும் மனசாட்சி இருக்காதா...”

பேசவில்லை.

“பின்னே என்ன மேடம்!” நோலன் வெடித்தான். “ப்ரைஸ் எழுதின மாதிரி இருக்கணும்னுதான் முதல்ல 2004-னு போட்டேன். போட்டுட்டேன். ஆனா ஏழு நிமிஷம்... ஏழு நிமிஷம் அந்த வரியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். தாங்கலை. என் சாவுச் செய்தியில ஒரு பொய் இருக்கலாமா?”

“மொத்தச் செய்தியும் பொய்தானேய்யா!” என்றாள் டாரியா.

ரெனே வாய் பிளந்தான்.

“எழுந்திருங்க, நோலன்.”

“கால் மரத்துப் போச்சு.”

“ரெனே!”

ரெனே அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். நாற்காலி மெத்தைக்கு அடியில் பளபளத்தது. ஒரு ஜாண் கத்தி! கைப்பிடியில் டிராகன் தலை.

ப்ரைஸின் நிறம் மாறியது.

“பதினொன்றரைக்கு இவரை வரச் சொல்லிட்டு, எங்ககிட்ட பன்னிரண்டுன்னு சொன்னீங்க,” என்றாள் டாரியா. “நாங்க வந்து சேரும்போது இவர் தரையில கிடப்பார். ‘கொல்ல வந்தான், தற்காப்புக்குக் குத்தினேன்’னு அழுவீங்க. சாட்சிக்குச் செய்தி இருக்கு, போன் பதிவு இருக்கு. சிலையும் உங்களுக்கு. நான் டோனட்டுக்காக ரெண்டே தெரு தள்ளி இருப்பேன்னு மட்டும் உங்களுக்குத் தெரியலை.”

விலங்கு ‘க்ளிக்’ என்றது.

“2003,” என்று முனகினான் நோலன்.

“ஜெயில்ல சுவத்துல எழுதிக்கோடா!” ப்ரைஸ் துள்ளினான். “பன்னிரண்டு ஆகப் போகுது. மேடம், கொஞ்சம் நகருங்க. மைக்கைப் போடறேன். சிலை எனக்குன்னு அறிவிக்கணும். அப்படியே இவன் கைதான செய்தியும்... உலகத்துலயே முதல் செய்தி!”

அவன் மைக் வயரைச் சொருகினான். வாயில் சீட்டி.

டாரியா நாற்காலியில் சாய்ந்தாள். காலையிலிருந்து வெறும் வயிறு. ரெனே கையைத் தேய்த்துக்கொண்டே மேஜையைப் பார்த்தான்.

“பாவம், சூப் ஆறிடும் சார்ஜென்ட். குடிக்க வேண்டியவருக்கு இனி ஸ்டேஷன் சாப்பாடுதான்.”

பிளாஸ்க்கைத் திறந்தான். ஆவி எழுந்தது. மூடியில் ஊற்றினான். சிவப்பாக, கெட்டியாக, மணமாக... முதலில் சார்ஜென்ட்டுக்கு. மரியாதை தெரிந்த பையன்.

டாரியா வாயருகே கொண்டு போனாள்.

“குடிக்காதீங்க!”

ப்ரைஸ் மேஜையைத் தாண்டிப் பாய்ந்தான். மூடி பறந்தது. நோலனின் புதுக் கார்ப்பெட் முழுக்கச் சிவப்பு!

டாரியா ப்ரைஸைப் பார்த்தாள். பேசவில்லை.

இவனுக்கு இரண்டு நிமிஷம் தேவைப்படவில்லை. பத்து விநாடி போதுமானதாக இருந்தது.

“அது... அதுல எலி மருந்து இருக்கு,” என்றான் ப்ரைஸ், தரையைப் பார்த்தபடி. “போன வாரம் பக்கத்து மாகாணம் சஸ்காட்சுவான் போய் வாங்கிட்டு வந்தேன்.”

“அடப்பாவி!” விலங்கோடு அலறினான் நோலன். “என்னைக் கொல்லப் பார்த்தியா? துரோகி!”

“நீ மட்டும் மெத்தைக்கடியில பூவா வச்சிருந்தே?”

ரெனே இரண்டாவது விலங்கை எடுத்தான். அவனுக்கு இன்னும் ஒன்று புரியவில்லை.

“ஏன்யா, நம்ம ஆல்பர்ட்டா மாகாணத்துல எலியே கிடையாதே! எழுபது வருஷமாத் தேடித் தேடி ஒண்ணு விடாம ஒழிச்சாச்சே... உனக்கு எதுக்குய்யா எலி மருந்து?”

ப்ரைஸ் கையை நீட்டிக்கொண்டே நோலனை ஏற இறங்கப் பார்த்தான்.

“ஒண்ணை விட்டுட்டீங்க!”