கீழறையின் காற்று

அலமாரி மேலிருந்த சின்னக் கருவியில் எண் மாறியிருந்தது. காலையில் டீச்சர் பார்த்தபோது நாற்பது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நிமிர்ந்தபோது நூற்றுப்பத்து.

பள்ளியின் நிலவறையில் பன்னிரண்டு மெத்தைகள். மூன்றாவதில் அவளுடைய சொந்த மகள், நாலு வயசு. வெளியே விடாத மழை. சுவருக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் களக் களக்கென்று நகர்ந்தது. பாலும் ஈரக் கம்பளியும் தரை துடைத்த மருந்தும் கலந்து வீசின. வேறு வாசனை இல்லை. மூக்கை உறிஞ்சி உறிஞ்சித் தேடினாள். ரேடான் வாயுவுக்கு வாசனையே கிடையாது என்று கருவியை வைத்துப்போன அளவுக்காரர் நேற்றுதான் சொன்னார். மண்ணிலிருந்து விரிசல் வழியாகக் கசியும். கண்ணுக்குத் தெரியாமல் அறையில் தேங்கும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றாக வந்து நிற்கலாம். முந்நூறைத் தாண்டினால் போன் பண்ணச் சொல்லியிருந்தார்.

"அந்தப் பொட்டியையே முறைக்கிறீங்களே டீச்சர், அது என்ன உங்க மாமியாரா?" என்றாள் ஆயா.

கருவியில் இப்போது இருநூற்று நாற்பது.

அவள் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, முந்நூற்று நாற்பது. போனை எடுத்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி சோதிச்சப்போ ரொம்பக் கம்மியா வந்துச்சே சார்?"

"சோதனை நடந்த மூணு மாசமும் ஜன்னலை மூடித்தானே வெச்சிருந்தீங்க? திறந்திருந்தா வாயு வெளிய போயிடுமே."

அப்போது இது விளையாட்டறை. சோதனைப் பெட்டி தொங்கிய அத்தனை நாளும், வந்ததும் அவள் செய்த முதல் வேலை ஜன்னல்களை அகலத் திறந்தது. பிள்ளைகளுக்கு நல்ல காற்று வேண்டாமா? எவ்வளவு அக்கறை என்று தலைமையாசிரியை மெச்சிக்கொண்டார். வந்த முடிவை நம்பித்தான் தூங்கும் அறையை இங்கே மாற்றினார்கள். அப்புறம் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கிறது என்று ஜன்னல்களை அடைக்கச் சொன்னதும் அவளேதான்.

"டீச்சர்? லைன்ல இருக்கீங்களா?"

"திறந்து வெச்சிருந்தேன் சார். தினமும்."

"உடனே மேல கூட்டிட்டுப் போங்க. இனிமே உள்ள போறதாவது நிக்கும்."

"இதுவரைக்கும் போனது?"

போனை வைத்துவிட்டு ஆயாவைக் கூப்பிட்டாள்.

ஆயா ஒவ்வொருவராய் எழுப்பினாள். சிணுங்கல். செருப்புச் சத்தம். படியேறும் சின்னக் கால்கள். டீச்சர் தன் மகளை வாரியெடுத்தாள். தூக்கம் கலையாத குழந்தை தலையைப் பின்னால் சாய்த்தது. வாய் பிளந்தது. நெஞ்சு விம்மியது. ஒரு கொட்டாவி. நீளமாய். ஆழமாய். உள்ளே, உள்ளே.

அவள் கை தானாகப் போய் அந்த வாயைப் பொத்தியது.

மகளின் கண்கள் திறந்துகொண்டன. அம்மாவையே பார்த்து மிரண்டன. பொத்திய விரல்களுக்கிடையே இளஞ்சூடாக மூச்சு போய்வந்துகொண்டிருந்தது.