இரண்டாவது சாவி

அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த காளிதாஸுக்கு, போர்ச்சில் நிற்கும் காரின் பக்கக் கண்ணாடிகள் 'விர்ர்' என்று விரியும் சத்தம் கேட்டது. சாவியோடு யாராவது பக்கத்தில் போனால்தான் அந்தக் கார் அப்படிக் கண்ணாடிகளை விரிக்கும். சாவியோ அவன் கண்ணெதிரே சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தான். கிரில் கேட் பூட்டியபடியே இருந்தது. கூலாய் ஊரில் மதியத்திலிருந்தே விடாத மழை. பொழுது சாயுமுன்பே தாமான் குடியிருப்பு முழுக்க இருட்டிப் போய், பின்பக்கத்து எண்ணெய்ச் செம்பனைக் காட்டிலிருந்து அழுகிய பழக்குலையின் புளிப்பு வாடை ஈரத்தோடு ஈரமாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. போர்ச்சில் யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. ஸ்கூடாயிலிருந்து மலர். அவன் மனைவி வாசுகியின் தங்கை.

"அத்தான், நாளைக்குக் காலையில கார எடுத்துக்க வரலாமா? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம் லா."

"இல்ல மலர், வா. யாராவது ஓட்டணும்ல. சும்மாதான நிக்குது."

"அக்கா கார நான் ஓட்டறது..." என்று தொடங்கியவள் பேச்சை மாற்றினாள். "சரி, சாப்டீங்களா?"

"சாப்டேன்," என்று பொய் சொல்லி வைத்தான்.

கார் வாசுகியுடையது. செனாய் தொழிற்சாலையில் வேலை பார்த்துச் சொந்தமாக வாங்கியது. போன மழைக்காலத்தில் கோத்தா திங்கியில் இருக்கும் சின்னம்மாவைப் பார்க்கக் கிளம்பிப் போனாள். வழியில் ஆறு பெருகிச் சாலையில் ஏறியிருந்தது. காரை மேட்டில் நிறுத்திவிட்டு, இறங்கி நடப்பதற்கு முன் அவனுக்குப் போன் செய்தாள். "தண்ணி முழங்கால் கூட இல்லங்க. நடந்தே போயிடலாம்." அதுதான் அவன் கேட்ட கடைசிப் பேச்சு. தண்ணீர் வடிந்தபிறகு செம்பனை மரங்களுக்கு நடுவில் அவளைக் கண்டெடுத்தார்கள். அவள் சட்டைப்பையில் இருந்த சாவி மட்டும் கிடைக்கவில்லை. மேட்டில் நின்ற காரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. வீட்டில் இருந்த மாற்றுச் சாவியைக் கொண்டுபோய் அவன்தான் தனியாக ஓட்டிவந்தான்.

தேநீரை அப்படியே வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போர்ச்சுக்குப் போனான். கார்க் கதவு பூட்டாமல் இருந்தது. ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினான். கார் கிளம்பவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த திரையில் மஞ்சள் எழுத்து மின்னியது: சாவி காணப்படவில்லை.

கார் வயரிங்தான் அவன் தொழில். கடைக்கு வரும் கார்களில் தினமும் பார்க்கும் கோளாறு இது. முதலில் சாவிக்குள் இருக்கும் காசு போன்ற பேட்டரியை மாற்றினான். பயனில்லை. பேட்டரி செத்தாலும் சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே இருக்கும் சில்லைக் கார் படித்துவிட வேண்டும். ஒட்டிப் பிடித்தான். அதே மஞ்சள் எழுத்து. குறுக்கே எதுவும் இருக்கக்கூடாதென்று கைப்பேசியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தான். காரில் சொருகியிருந்த சார்ஜரையும் பிடுங்கினான். காருக்கு அந்தச் சாவியை யாரென்றே தெரியவில்லை.

தன் வேலைப் பையிலிருந்து கோளாறு பார்க்கும் ஸ்கேனரை எடுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த துளையில் சொருகினான். கூரைத் தகரத்தில் மழை கொட்டும் இரைச்சலில் தன் மூச்சுக்கூட அவனுக்குக் கேட்கவில்லை. திரையில் வரிகள் வந்தன.

பதிவான சாவிகள்: இரண்டு.
முதல் சாவி: இல்லை.
இரண்டாவது சாவி: வெளியே, இடது முன் கதவு.

இரண்டாவது சாவி வாசுகியுடையது. ஆற்றோடு போனது.

கதவுக் கைப்பிடிக்குள் இருக்கும் ஆண்டெனாவில் ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்தான். அப்படியும் நடக்கும். இறங்கிச் சுற்றிப்போய் இடது கைப்பிடியைத் துணியால் துடைத்தான். அந்த இடத்தில் மட்டும் காற்று சில்லென்று இருந்தது. ஆற்றுச் சேற்று வாடை. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

இரண்டாவது சாவி: வெளியே, பின் கதவு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி மாறியது. வெளியே, வலது கதவு. அவன் தோளுக்குப் பக்கத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் மழைச் சாரல். வரி மறுபடி மாறியது. பின் கதவு. அப்புறம் இடது முன் கதவு. அங்கேயே நின்றுவிட்டது.

அவன் ஓட்டும்போது அவள் உட்காரும் பக்கம் அது.

"கோளாறுதான்," என்று வாய்விட்டுச் சொன்னான். கோளாறுக்கு மருந்தும் அவனுக்குத் தெரியும். பழைய சாவிகளை எல்லாம் அழித்துவிட்டு, கையில் இருப்பதை மட்டும் புதிதாகப் பதிய வேண்டும். எத்தனையோ கார்களுக்கு வெற்றிலை மெல்லுவதுபோலச் செய்த வேலை. திரை கேட்டது: எல்லாச் சாவிகளையும் அழிக்கவா?

அவளுடைய துணிமணியைக் கொடுத்தாயிற்று. தொழிற்சாலை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வங்கியில், மின்சாரக் கட்டணத்தில், எல்லா இடத்திலும் அவள் பேரை எடுத்தாயிற்று. அவளைத் தெரியும் என்று சொல்ல இந்தக் கார் ஒன்றுதான் மிச்சம்.

ஆம் என்பதை அழுத்தினான்.

திரை ஒருமுறை இருண்டு வெளுத்தது. சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்தான். பதிவாயிற்று. பட்டனை அழுத்தினான். எஞ்சின் உறுமிக் கிளம்பியது. எல்லாக் கதவுகளும் 'டக்' என்று தாமாகப் பூட்டிக்கொண்டன. அவன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான்.

டொக்.

தலையைத் தூக்கினான்.

டொக். இடது கதவு. வெளியே கைப்பிடி தானாக எழும்பி விழுந்தது. யாரோ திறந்து பார்ப்பதுபோல. கார் 'பீப்' என்று மறுத்தது.

டொக். பீப்.

அவசரமில்லாமல் இருந்தது முதலில். பூட்டியிருப்பது தெரியாமல் இழுப்பதுபோல. பிறகு வேகமாக. டொக் டொக் டொக். கார் ஒவ்வொரு தடவையும் மறுத்தது. கண்ணாடியில் ஈரமாக ஒரு உள்ளங்கை அச்சு விழுந்தது. சின்னக் கை. வழிந்து கலைந்தது. மறுபடி விழுந்தது. தட்டும் சத்தம்.

வலது கதவைத் திறந்து வீட்டுக்குள் ஓடிவிடலாம். பத்தடி கூட இல்லை. ஆனால் தட்டுவது வலிமையாக இல்லை. களைத்துப் போன தட்டல். வெகுதூரம் நடந்து வந்த கையின் தட்டல். வெளியே நிறுத்திப் பூட்டியது அவன்தான்.

"வாசு," என்றான். "இரும்மா. திறக்கிறேன்."

கதவுப் பூட்டை விடுவித்தான்.

கதவு திறந்தது. சாரல் உள்ளே அடித்தது. மூடிக்கொண்டது. பக்கத்து இருக்கை மெல்ல அமுங்கியது. பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்க ஆரம்பித்தது. இருக்கைத் துணியில் தண்ணீர் ஊறி, விளிம்பில் சொட்டியது. சேறு, தழை, அழுகிய பழக்குலை. மூச்சு முட்டியது.

"வந்துட்டியா," என்றான்.

கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

நெற்றியில் ஒரு விரல் பட்டது. குளிர்ச்சி. தண்ணீரில் வெகுநாள் கிடந்து சுருங்கிய தோல். அது அவன் புருவத்தைத் தடவியது. மூடிய இமையை. மூக்கை. மீசையில் நின்றது. உதட்டைத் தாண்டித் தாடையில் இறங்கியது. கொஞ்சலாக இல்லை. இருட்டில் தெரியாத பொருளைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

"நான்தான் வாசு. உன் காளி. தெரியலையா?"

விரல்கள் நின்றன. யோசிப்பதுபோல.

பிறகு விலகிக்கொண்டன. அழித்த சாவியைக் கார் மறந்ததுபோல, அவளுக்கு அவன் முகம் மறந்துபோயிருந்தது.

மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவளும் இல்லாமல் போய்விடுவாளோ என்று பயம். திறந்தால் இருந்துவிடுவாளோ என்றும் பயம்.

நெற்றியில் மறுபடி அந்த விரல். இந்தத் தடவை இரண்டு கையும். புருவத்திலிருந்து, இமையிலிருந்து, முதலிலிருந்து தேட ஆரம்பித்தன. இன்னும் அழுத்தமாக.